குளிர் அறைகளின் விரிவு வால்வு: குமிழ் வால்வும் மின்னணு வால்வும்

கிராமப் பால் சங்கங்களிலும், காய்கனி உற்பத்தியாளர் குழுக்களிலும், சில மிராசுதாரர்களின் சொந்தக் களங்களிலுங்கூட இப்பொழுது குளிர்சாதன யந்திரங்கள் வந்து அமைந்துவிட்டன. இவற்றை நிறுவித் தரும் ஒப்பந்தக்காரர்கள் கொடுக்கும் விலைப்பட்டியலில் அண்மைக் காலமாக ஒரு வரி கூடுதலாகக் காணப்படுகிறது. ‘எக்ஸ்பான்ஷன் வால்வு: தெர்மோஸ்டாட்டிக் ரகமாயின் இவ்வளவு, எலெக்ட்ரானிக் ரகமாயின் இவ்வளவு’ என்பதே அது. இரண்டுக்கும் விலையில் உள்ள வித்தியாசம் சிறிதன்று. பட்டியலில் கையொப்பமிட வேண்டிய சங்கத் தலைவரோ ஊராட்சி அதிகாரியோ இவ்விரண்டில் எது தமக்கு ஏற்றது என்று அறியாமல், விலை குறைந்ததை எடுத்துப் பின்னர் வருந்துவதும், விலை மிகுந்ததை எடுத்து முன்னரே வருந்துவதும் உண்டு. ஆகவே இவ்வால்வுகளின் தொழில், குணதோஷம், அவரவர் நிலைமைக்குப் பொருத்தம் ஆகியவற்றை இங்கே சற்று விரிவாய் எடுத்துரைப்போம்.

குளிரை விலைக்கு வாங்குதல் நமக்குப் புதிதன்று. பாஸ்டன் நகரத்து ஃபிரடெரிக் டியூடர் என்பார் அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி 1833-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் அதற்கெனக் கட்டிய ஐஸ் ஹவுஸ் 1842-ஆம் ஆண்டினது. அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது. யந்திரத்தினால் குளிர் உண்டாக்கும் வித்தை பரவியதும் அவ்வியாபாரம் மறைந்தது. இந்தியாவின் முதற் குளிர்பதனக் கிடங்கு கல்கத்தாவில் 1892-ஆம் ஆண்டில் ஏற்பட்டதாகச் சொல்வர். விவசாயிகளுக்கு இன்னொரு செய்தியும் உவப்பாயிருக்கலாம். இன்று உலகெங்கும் விரிவு வால்வு செய்து விற்கும் டான்ஃபாஸ் கம்பெனியை 1933-ஆம் ஆண்டில் மாட்ஸ் கிளாஸன் என்பவர் தொடங்கிய இடம், டென்மார்க் தேசத்து ஆல்ஸ் தீவில் தம் பெற்றோரின் பண்ணை வீடேயாகும்.

வால்வு செய்யும் வேலை

எந்தத் திரவமும் ஆவியாகும்பொழுது சுற்றியுள்ள பொருளிலிருந்து உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளும். மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிரச் செய்வதும் இதனாலேதான். குளிர்சாதன யந்திரத்தில் நீருக்குப் பதிலாக, மிகத் தாழ்ந்த உஷ்ண நிலையிலேயே கொதிக்கவல்ல ஒரு பொருளை அடைத்து வைக்கிறார்கள். மெக்கானிக்குகள் இதனைக் ‘காஸ்’ என்பர். நாம் குளிர்ப்பொருள் என்போம். ஆர்-134ஏ என்னும் குளிர்ப்பொருள் திறந்த வெளியழுத்தத்தில் கழி 26 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் கூடும்: சுமார் 2.9 பார் முழு அழுத்தத்தில் 0 டிகிரியிலும், 11.6 பாரில் 45 டிகிரியிலும் கொதிக்கும்.

இந்தக் குணத்தைக் கொண்டே யந்திரம் முழுவதும் நடைபெறுகிறது. அறைக்குள் இருக்கும் குளிர்ச்சுருளில் அழுத்தத்தைத் தாழ்த்தி வைத்தால், குளிர்ப்பொருள் அங்கே 0 டிகிரியில் கொதித்து அறையின் உஷ்ணத்தை உறிஞ்சும். அவ்வாவியைக் கம்ப்ரஸர் இழுத்து அமுக்கி வெளியிலுள்ள கண்டென்ஸருக்குத் தள்ளும். அங்கே உயர்ந்த அழுத்தத்தில் 45 டிகிரியில் அது உஷ்ணத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் திரவமாகும். அத்திரவம் திரும்பச் சுருளுக்குள் செல்லவேண்டும், ஆனால் 11.6 பாரில் நிற்கும் திரவத்தை 2.9 பாருக்கு இறக்கி, அளவறிந்து, வேண்டியபொழுது வேண்டிய மட்டும் விடுதல் வேண்டும். இவ்வேலையைச் செய்வதே விரிவு வால்வு. உருவத்தில் உள்ளங்கையில் அடங்கும்; யந்திரத்தின் ஆயுளும் மின்சாரச் செலவும் பெரும்பாலும் அதைப் பொறுத்தவை.

ஏரிப் பாசனம் அறிந்தவர்க்கு இதைச் சொல்லி விளக்குதல் எளிது. சுருள் என்பது ஒரு வாய்க்கால். வால்வு என்பது மடை. திறந்துவிடும் நீர் கடைமடை வரையில் நனைத்துப் பாயவேண்டும். ஆனால் கடைமடையைத் தாண்டி வழிந்து ஓடலாகாது. மடையைக் குறைத்துத் திறந்தால் தலைமடை மட்டும் நனைந்து மற்ற நிலம் காயும். குளிர்ச்சுருளிலும் அப்படியே, திரவம் பாதி வழியிலேயே கொதித்துத் தீர்ந்துவிட்டால் மீதிச் சுருள் வீணாய் நிற்கும். அழுத்தம் தாழும், அறை குளிர நேரமாகும், கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சூடேறும். மடையை மிகுத்துத் திறந்தாலோ திரவம் ஆவியாகாமலே கம்ப்ரஸரை அடையும். ஆவியை அமுக்கலாம், திரவத்தை அமுக்க இயலாது. கம்ப்ரஸரின் வால்வுத் தகடுகள் உடையும். எண்ணெய் கழுவப்பட்டுப் பேரிங்குகள் தேயும். யந்திரத் தொகுதியில் விலை மிகுந்த உறுப்பு கம்ப்ரஸரே ஆதலின், இந்த நஷ்டம் பெருநஷ்டம்.

திரவம் எவ்விடத்தில் தீர்ந்தது என்பதைக் குழாயைப் பிளந்து பார்க்க முடியாது. ஆயினும் அறிய ஒரு வழி உண்டு. கொதித்து முடிந்த ஆவி, சுருளின் எஞ்சிய பகுதியில் செல்லும்பொழுது மேலும் சற்றுச் சூடேறும். சுருளின் வாயில் ஆவியின் உஷ்ணம், கொதிநிலையைவிட எத்தனை டிகிரி கூடியிருக்கிறதோ அதற்கு மிகை உஷ்ணம் என்று பெயர். மெக்கானிக்குகள் ‘சூப்பர்ஹீட்’ என்பர். மிகை உஷ்ணம் 15 டிகிரி எனில் சுருள் பட்டினி கிடக்கிறது; 0 டிகிரி எனில் திரவம் வழிகிறது; 5 முதல் 7 டிகிரி வரை இருப்பது பெரும்பாலான சிறு குளிர் அறைகளுக்கு நல்ல நிலை. இருவகை வால்வுகளும் காத்து நிற்பது இவ்வொன்றையே. வழியில்தான் வேற்றுமை.

இங்கே பரவலாயுள்ள ஒரு தப்பெண்ணத்தையும் நீக்கிவிடுதல் நலம். ‘விலையுயர்ந்த வால்வைப் போட்டால் அறையின் உஷ்ணம் அரை டிகிரி பிசகாமல் நிற்கும்’ என்று சில விற்பனையாளர் கூறுகின்றனர். அறையின் உஷ்ணத்தைக் காப்பது தெர்மோஸ்டாட் என்னும் வேறொரு கருவியின் வேலை. வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே விட்டால் தோல் கறுத்துக் கெடும் என்று அஞ்சுவோர் கவனிக்கவேண்டியது தெர்மோஸ்டாட்டையும் அறையில் காற்று சுழலும் விதத்தையுமே.

குமிழ் வால்வு

தெர்மோஸ்டாட்டிக் வால்வில் மின்சாரம் கிடையாது. சுருளின் வாய்க் குழாயோடு ஒட்டி ஒரு சிறு செப்புக் குமிழைக் கட்டியிருப்பார்கள். அதனுள் உஷ்ணத்துக்கேற்ப அழுத்தம் மாறும் ஒரு பொருள் அடைபட்டிருக்கும். குமிழிலிருந்து மயிரிழை போன்ற குழாய் ஒன்று வால்வின் தலைக்குச் சென்று, அங்குள்ள மெல்லிய உலோகத் தகட்டின் மேற்புறத்தை அழுத்தும். தகட்டின் கீழ்ப்புறத்தைச் சுருளின் அழுத்தமும் ஒரு ஸ்பிரிங்கும் சேர்ந்து மேலே தள்ளும். குமிழ் வென்றால் வால்வு திறக்கும். மற்ற இரண்டும் வென்றால் மூடும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஆர்-134ஏ ஓடும் சுருளில் கொதிநிலை 0 டிகிரி, அழுத்தம் 2.93 பார். குமிழிலும் அதே பொருளே அடைபட்டு, குமிழ் 5 டிகிரியில் இருந்தால் அதனுள் அழுத்தம் 3.50 பார். வித்தியாசம் 0.57 பார். ஸ்பிரிங்கின் வலுவை இவ்வளவாக முறுக்கி வைத்தால், மிகை உஷ்ணம் 5 டிகிரிக்கு மேற்பட்டதும் வால்வு திறக்கத் தொடங்கும்; குறைந்ததும் மூடும். கடைமடையில் ஒரு நீர்க்கட்டியை நிறுத்தி, நீர் வந்ததும் வராததும் பார்த்துத் தலைமடைக்குக் குரல் கொடுக்கச் செய்வதை ஒத்தது இவ்வேற்பாடு.

ஆனால் இந்த நீர்க்கட்டிக்கு ஒரு குறை உண்டு. அதே ஸ்பிரிங்கோடு சுருள் கழி 10 டிகிரிக்கு இறங்கியது என்று கொள்வோம். அப்பொழுது சுருளின் அழுத்தம் 2.01 பார், ஸ்பிரிங்கின் 0.57 பாரையும் கூட்டக் குமிழில் 2.58 பார் வேண்டும். அதற்குக் குமிழ் சுமார் கழி 3½ டிகிரியில் இருத்தல் வேண்டும். மிகை உஷ்ணம் 5 டிகிரி என்றிருந்தது தானாகவே 6½ டிகிரி ஆகிவிட்டது! உஷ்ணம் தாழத் தாழக் குமிழ் வால்வு சுருளைப் பட்டினி போடும் என்பதே இதன் பொருள். இதற்குப் பரிகாரமாகக் குமிழில் வேறுவகைப் பொருளை அடைப்பதும் உண்டு. எனினும் ஓர் உஷ்ண எல்லைக்கென வாங்கிய வால்வை வேறோர் எல்லைக்கு உபயோகித்தல் தகாது.

சுருள் பெரிதாயும் பல கிளைகளாயும் இருந்தால், திரவம் அதனூடே செல்லும்பொழுதே அழுத்தம் குறைந்துவிடும். அத்தகைய இடங்களில் சுருளின் வாயிலிருந்து வால்வுக்கு ஒரு சமன் குழாய் இணைத்த ரகத்தையே கேட்டு வாங்குக. பால் குளிர்விக்கும் தொட்டிகளில், கறந்த பால் 35 டிகிரியில் வந்து விழும்பொழுது கம்ப்ரஸருக்குப் பளு மிகுதி; அதைத் தடுக்க, ஓர் அழுத்தத்திற்கு மேல் திறவாத ரகம் உண்டு.

குமிழ் கட்டும் விதம்

குமிழ் வால்வு கெட்டது என்று கழற்றி எறியப்படுவனவற்றில் பலவும் கெட்டவையல்ல; குமிழ் கட்டிய விதமே கெட்டது. இதைக் கண்ணால் பார்த்தே அறியலாம். ஆகையால் யந்திரம் நிறுவும் நாளில் அதிகாரிகள் தாமே நின்று பார்த்தல் வேண்டும்.

குமிழ் சுருளின் வாய்க் குழாயில், படுக்கையாகச் செல்லும் பகுதியில், உலோகப் பட்டையால் இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். குழாயின் மேற்பூச்சும் அழுக்கும் சுரண்டப்பட்டு உலோகத்தோடு உலோகம் படிய வேண்டும். நூற்கயிற்றாலும் பிளாஸ்டிக் நாடாவாலும் கட்டியிருப்பதைக் காண்கிறோம். சில மாதங்களில் நாடா தளர்ந்து குமிழ் தொங்கும். தொங்கும் குமிழ் அறைக்காற்றின் உஷ்ணத்தைக் காட்டும், வால்வு அகலத் திறக்கும், திரவம் வழியும், கம்ப்ரஸர் உடையும். ஒரு பட்டையின் விலைக்கு ஒரு கம்ப்ரஸர்!

குழாய் சிறிதாயின் குமிழ் அதன் உச்சியில் இருக்கலாம். முக்கால் அங்குலத்துக்கு மேற்பட்ட குழாய்களில், கடிகார முகத்தில் நான்கு மணி அல்லது எட்டு மணி முள் நிற்கும் பக்கத்தில் கட்டுவது வழக்கம். குழாயின் அடியில் ஒருபொழுதும் கட்டலாகாது. அடியில் எண்ணெய் ஓடுவதால் குமிழ் உண்மை உஷ்ணத்தை அறியாது. திரவம் தேங்கக்கூடிய குழிவிலும் கட்டலாகாது. கட்டிய பின் ஈரம் புகாத உறைகொண்டு மூடவேண்டும். சமன் குழாய் உள்ள வால்வாயின், அது குமிழைத் தாண்டிய இடத்தில் இணைந்திருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கை முறுக்கும் திருகும் ஒன்று வால்வில் உண்டு. பெரும்பாலான ரகங்களில் வலப்புறம் திருகினால் மிகை உஷ்ணம் கூடும். அறை குளிரவில்லையென்றதும் இத்திருகைப் பிடித்துத் திருகுவது நம் மெக்கானிக்குகளில் பலருக்குக் கைப்பழக்கமாய்ப் போய்விட்டது. குளிர்ப்பொருள் கசிந்து குறைந்திருந்தாலும், திரவக் குழாயில் குமிழிகள் தோன்றினாலும், விசிறி நின்றாலும், சுருளில் பனி மூடியிருந்தாலும் அறை குளிராது. இவற்றில் ஒன்றையேனும் திருகு தீர்க்காது. வேறு காரணம் ஒன்றுமில்லை என்று தெளிந்த பின், அளவுமானிகள் மாட்டி, கால் சுற்றுத் திருகி, இருபது நிமிஷம் பொறுத்திருந்து பார்த்தே மறுபடியும் தொடவேண்டும்.

மின்னணு வால்வு

மின்னணு வால்வில் குமிழும் ஸ்பிரிங்கும் இல்லை. சுருளின் வாயில் ஓர் அழுத்த உணர்வியும் ஓர் உஷ்ண உணர்வியும் பொருத்தப்படும். இரண்டின் செய்தியையும் ஒரு சிறு கணிப்பொறி வாங்கி, அழுத்தத்திலிருந்து கொதிநிலையைக் கணித்து, மிகை உஷ்ணம் எவ்வளவு என்று கண்டு, வால்வுக்குக் கட்டளையிடும். வால்வு இருவகையாகும். ஒன்றில், படிப்படியாய்ச் சுழலும் சிறு மோட்டார் ஒன்று ஊசியை உயர்த்தித் தாழ்த்தும். சிறு வால்வுகள் பலவற்றில் முழுதும் மூடியதிலிருந்து முழுதும் திறக்கச் சுமார் 500 படிகள். மற்றதில், மின்காந்தம் ஒன்று வால்வை முழுதும் திறந்து முழுதும் மூடிக்கொண்டேயிருக்கும். சில விநாடிகள் கொண்ட ஒரு முறைக்குள் எத்தனை விநாடி திறந்திருந்தது என்பதே அளவாகும். இவ்வேறுபாடு சிறிதாய்த் தோன்றினும் மின்தடை உள்ள ஊரில் பெரிதாகும், பின்னர்ச் சொல்வோம்.

இதன் நன்மைகளை முதலில் நடுநிலையாய்க் கூறுவோம். குமிழ் வால்வு பளு குறைந்த வேளையில், அதாவது அறை நிறைந்து குளிர்ந்து முடிந்த பின்பு, தடுமாறும். மிகையாய்த் திறந்து, பின் மிகையாய் மூடி, ஊஞ்சலாடும். பெரிய அளவு வால்வை வாங்கிப் போட்ட இடங்களில் இவ்வூஞ்சல் மிகும். மின்னணு வால்வு கால் பங்குப் பளுவிலும் நிதானமாய் நிற்கும். அதனால் மிகை உஷ்ணத்தைக் குறைவாய் வைக்கலாம். சுருள் முழுவதும் வேலை செய்யும். கொதிநிலையை 2 அல்லது 3 டிகிரி உயர்த்தி ஓட்டலாம். கொதிநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் கம்ப்ரஸரின் மின்சாரத்தில் நூற்றுக்கு 2 முதல் 3 வரை மிச்சம் என்பது இத்தொழிலில் யாவரும் ஒப்புக்கொண்ட கணக்கு. ஆக, நூற்றுக்கு 4 முதல் 9 வரை சேமிப்பு எதிர்பார்க்கலாம். ‘மிகை உஷ்ணமே இல்லாமல் ஓட்டலாம்’ என்பாரை நம்பற்க. எந்தச் சுருளுக்கும் இதற்குக் கீழே நிலைகொள்ளாது என்று ஓர் எல்லை உண்டு. அது சுருளின் குணம், வால்வின் குணமன்று.

மின்சார மிச்சத்தைக் காட்டிலும் விவசாயிக்கு முக்கியமான மிச்சம் ஒன்றுண்டு. சுருளின் உஷ்ணம் அறைக்காற்றின் உஷ்ணத்தைவிட மிகத் தாழ்ந்திருந்தால், காற்றிலுள்ள ஈரம் சுருளில் படிந்துபோகும்; காய்ந்த காற்று மறுபடியும் விளைபொருளிலிருந்து நீரை இழுக்கும். வித்தியாசம் 5, 6 டிகிரியாயின் அறையில் ஈரப்பதம் நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி நிற்கும். 10 டிகிரியாயின் எண்பதுக்கு இறங்கக்கூடும். உருளைக்கிழங்குக்கு 90-க்கு மேல் வேண்டும். காரட்டுக்கு அதனினும் மிகுதியாய் வேண்டும். 10 டன் கிழங்கில் நூற்றுக்கு ஒன்று எடை உலர்ந்தால் 100 கிலோ போயிற்று. அதுவும் விற்கும் விலையில் போயிற்று. மின்சாரச் சீட்டில் இந்நஷ்டம் தெரியாது, தராசில்தான் தெரியும்.

இனி, மலைப்பிரதேசத்தார் கவனிக்க வேண்டியது ஒன்று. வால்வின் வழியே செல்லும் திரவத்தின் அளவு, அதன் இருபுறத்து அழுத்த வித்தியாசத்தைப் பொறுத்தது. வெயிற்காலத்தில் கண்டென்ஸர் 45 டிகிரியில் நிற்க, வித்தியாசம் 8.7 பார். நீலகிரியின் மார்கழி இரவில் கண்டென்ஸர் 20 டிகிரிக்கு இறங்கினால் வித்தியாசம் 2.8 பார் மட்டுமே. குமிழ் வால்வின் பாய்ச்சல் ஏறத்தாழப் பாதிக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும். சுருள் பட்டினி கிடக்கும். இதைத் தடுக்க மெக்கானிக்குகள் கண்டென்ஸர் விசிறியை நிறுத்தி வைத்து, அழுத்தத்தை வேண்டுமென்றே உயர்த்துகிறார்கள். இறைவன் இலவசமாய்க் கொடுத்த குளிரை மறுத்து, மின்சாரம் செலவிட்டுச் சூட்டை வாங்குவது போலாகும் இது. மின்னணு வால்வு அகலத் திறந்துகொண்டு, தாழ்ந்த அழுத்தத்திலும் ஓட வல்லது. கண்டென்ஸர் 10 டிகிரி தாழ்ந்து ஓடினால், டிகிரிக்கு நூற்றுக்கு 2 என்று குறைத்தெண்ணினாலும், அவ்வேளைகளில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சம். தஞ்சை, நாகை போன்ற சமவெளி மாவட்டங்களில் இரவும் பகலும் பெரிதாய் மாறுவதில்லை ஆதலின் இந்த லாபம் அற்பமே.

வேறொரு நன்மை வருங்காலத்தைப் பற்றியது. குமிழ் வால்வு இன்ன குளிர்ப்பொருளுக்கென்றே செய்யப்படுவது. காஸை மாற்றினால் பெரும்பாலும் வால்வையும் மாற்ற வேண்டும். 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி ஆர்-22 முதலியவற்றை நம் நாடு 2030-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ முழுதும் கைவிடக் கடமைப்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தத்தால் ஆர்-404ஏ, ஆர்-134ஏ போன்றனவும் படிப்படியாய்க் குறைய வேண்டியவையே. மின்னணு வால்வாயின், அழுத்தமும் அளவும் இடங்கொடுக்குமட்டும், கணிப்பொறியில் குளிர்ப்பொருளின் பெயரை மாற்றிவிட்டால் போதும்.

மின்தடையும் எலியும்

நன்மை இத்தனை கூறியபின், மின்னணு வால்வை எல்லோரும் வாங்குக என்று சொல்லாததற்குக் காரணம், நம் கிராமங்களின் மின்சார நிலைமையே.

மோட்டார் ரக வால்வு ஓடிக்கொண்டிருக்கும்பொழுது மின்சாரம் நின்றால், ஊசி நின்ற இடத்திலேயே நிற்கும். பாதி திறந்திருந்தால் பாதி திறந்தபடியே கிடக்கும். கண்டென்ஸரிலுள்ள திரவம் முழுதும் அழுத்த வேகத்தால் சுருளுக்குள் இறங்கிவிடும். அரைமணி கழித்து மின்சாரம் வந்து கம்ப்ரஸர் புறப்பட்டதும் முதலில் இழுப்பது திரவத்தையே. மதகைத் திறந்து வைத்துவிட்டு நீர்க்கட்டி மயங்கி விழுந்தது போன்ற நிலை. நாளுக்கு நாலு முறை மின்தடை உள்ள ஊரில் இது நாளுக்கு நாலு முறை நேரும். பரிகாரம் இல்லாமலில்லை: மின்சாரம் நின்றதும் வால்வை மூடுதற்கு மட்டும் போதிய சக்தியைத் தேக்கிவைக்கும் சிறு பாட்டரி உண்டு, அல்லது வால்வுக்கு முன்னால், மின்சாரம் நின்றதும் தானே மூடும் சோலனாய்டு வால்வு ஒன்றை வைக்கலாம். மின்காந்த ரகம் மின்சாரம் நின்றதும் தானே மூடிக்கொள்ளும். ஆகவே நம் ஊர்களுக்கு இந்த ரகமே உசிதம் என்பது நம் அபிப்பிராயம். விலைப்பட்டியலில் எந்த ரகம் என்று எழுதாமல் ‘எலெக்ட்ரானிக்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கையொப்பமிடற்க.

இடியினாலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தாலும் கணிப்பொறித் தகடு கருகுவது அடுத்த அபாயம். எலி கம்பியைக் கடிப்பதும், பல்லி உட்புகுந்து தகட்டில் மாண்டு கிடப்பதும், குளவி கூடு கட்டுவதும் நகைப்புக்குரிய சிறு விஷயங்களல்ல. களஞ்சியம் வைத்திருப்பவர் யாவரும் அறிவர். தகட்டுப் பெட்டி இறுக மூடியதாயும், கம்பிகள் குழாய்க்குள் செல்வனவாயும், மின்னழுத்தப் பாதுகாப்புக் கருவியும் நல்ல நிலத்தொடர்பும் உள்ளனவாயும் இருத்தல் அவசியம். குமிழ் வால்வுக்கு இவற்றில் ஒன்றும் வேண்டியதில்லை. அதில் பெரும்பாலும் நேரும் பழுது, மயிர்க்குழாய் விரிந்து குமிழின் சரக்குக் கசிந்துவிடுவது. அப்பொழுது வால்வு மூடிக்கொள்ளும். அறை குளிராது, ஆனால் கம்ப்ரஸருக்குத் திரவம் வராது. மாற்று வால்வு ஒன்றைப் பெட்டியில் வாங்கி வைத்திருந்தால் தாலுகா நகரத்து மெக்கானிக்கே அரை நாளில் மாற்றிவிடுவார்.

மின்னணு வால்வில் ஆள் பஞ்சமும் உண்டு. கணிப்பொறியில் நூற்றுக்கணக்கான அமைப்பு எண்கள் இருக்கும். அவற்றைத் திறக்க ஒரு ரகசியச் சொல் வேண்டும். நிறுவியவர் அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டால், யந்திரம் சங்கத்தினுடையதாயினும் சாவி அவரிடம். அமைப்பு எண்களின் முழு ஜாபிதாவையும் ரகசியச் சொல்லையும் எழுத்து மூலம் ஒப்படைத்தாலன்றிக் கடைசித் தவணைப் பணம் கொடுக்கலாகாது.

எவருக்கு எது

பெரிய உருளைக்கிழங்குக் கிடங்குகள் பெரும்பாலும் அம்மோனியாவில், திரவம் தேங்கிய சுருள்களோடு, மிதவை வால்வு கொண்டு நடப்பவை. அங்கே இவ்விசாரணைக்கே இடமில்லை.

பால் சங்கத்துத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 1000 லிட்டர் பால் என்பது சுமார் 1030 கிலோ. அதை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க நீக்க வேண்டிய உஷ்ணம் ஏறக்குறைய 34½ கிலோவாட்-மணி. மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டுமாயின் 11½ கிலோவாட் குளிர்ச்சக்தி தேவை. கம்ப்ரஸர் செலவிடும் மின்சாரத்தைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு குளிர் கொடுக்கும் ஆதலால், செலவு 12 முதல் 14 யூனிட். இதில் நூற்றுக்கு 6 மிச்சமானாலும் ஒரு யூனிட்டுக்கும் குறைவே. இரு வேளைக்கும் இரண்டு யூனிட்டை எட்டாது. யந்திரமோ எந்நாளும் ஒரே விதமாய், முழுப் பளுவில் ஓடி நிற்பது. ஊஞ்சலாடும் சிறு பளு வேளை அதற்குக் கிடையாது. ஒரு மாலை யந்திரம் நின்றால் ஊரார் பால் முழுதும் கெடும்; விதவைகளும் ஒரு மாடு வைத்திருப்போரும் அன்றைய கூலியை இழப்பர். எளிதில் பழுதாகாததும், பழுதானால் எளிதில் திருத்தக்கூடியதுமே இங்கே வேண்டும். குமிழ் வால்வே போதும்.

காய்ந்த மிளகாய், புளி முதலியவற்றுக்கு ஈரப்பதம் மிகுதியாய் வேண்டியதில்லை. அறை நிறைந்தபின் திறப்பதும் அரிது. வருஷத்தில் மூன்று மாதம் மட்டும் ஓடும் அறையாயின், நாளொன்றுக்கு 100 யூனிட் செலவில் 6 யூனிட் மிச்சமென்று கொண்டாலும் 90 நாளில் 540 யூனிட். அதே அறை ஆண்டு முழுதும் ஓடினால் 2190 யூனிட். தாங்கள் யூனிட்டுக்குக் கொடுக்கும் கட்டணத்தால் பெருக்கி, இருவகை வால்வுகளின் விலை வித்தியாசத்தோடு பாட்டரி, பாதுகாப்புக் கருவி இவற்றின் விலையையும் சேர்த்து ஒப்பிட்டால், எத்தனை வருஷத்தில் முதல் திரும்பும் என்பது விளங்கும். ஐந்து வருஷத்துக்கு மேற்பட்டால் நாம் சிபாரிசு செய்யோம்.

ஆண்டு முழுதும் காய்கறி மாற்றி மாற்றி வைக்கும் அறைகளுக்கு, அதிலும் மலைப்பிரதேசத்தில் காரட், கோசு, கிழங்கு வைப்போருக்கு, மின்னணு வால்வு தகுதியானதே. மும்முனை மின்சாரம் தடையின்றி வரும் இடமாயும், பழுது பார்க்க ஒரு நாளுக்குள் வரக்கூடிய ஆள் உள்ள இடமாயும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் குமிழ் வால்வையே, சமன் குழாயோடு, சரியான அளவில் வாங்கிப் போடுக. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஓர் அளவு பெரிதாய் வாங்குதல் குமிழ் வால்வுக்குக் கேடு.

எந்த வால்வாயினும், யந்திரத்தை ஏற்றுக்கொள்ளும் நாளில் அறை வெறுமையாய் இருக்கும்பொழுது ஒருமுறையும், சரக்கு நிறைந்து குளிர்ந்தபின் ஒருமுறையும் மிகை உஷ்ணத்தை அளந்து காட்டச் செய்க. செய்முறை எளிது. கம்ப்ரஸர் இழுக்கும் பக்கத்து அழுத்தமானி 1.9 பார் காட்டினால், வெளியழுத்தம் ஒன்றைக் கூட்ட 2.9, ஆர்-134ஏ அட்டவணையில் அதற்கு 0 டிகிரி. குமிழ் கட்டிய இடத்தில் உஷ்ணமானியை வைத்துப் பார்க்க 6 டிகிரி இருந்தால், மிகை உஷ்ணம் 6. இவ்விரு அளவுகளையும் தேதியோடு யந்திர அறைச் சுவரில் தொங்கும் பதிவுப் புத்தகத்தில் எழுதி, நிறுவியவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்க. ஆறு மாதத்துக்கொருமுறை அதே அளவுகளை எடுத்து அடுத்த வரியில் குறிக்கச் செய்தால், கம்ப்ரஸர் உடையுமுன்னரே வால்வின் கோளாறு புத்தகத்தில் தெரியும்.